கீரைக்கு என்ன மருந்தடிக்கிறோம்?

 

எங்கள் பாடசாலைத் தோட்டத்துக் கீரையின் படத்தைப் போட்ட நாளிலிருந்து பெற்றோர் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், இலையில ஒரு புள்ளி இல்லையே, என்ன மருந்தடிக்கிறீங்க?" தனித்தனியே பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

கத்தரிக்காய்க்குத் தோல் உண்டு, வெங்காயத்தை உரிக்கலாம். கீரையில் மருந்து விழும் இலையையேதான் பிள்ளை சாப்பிடுகிறது. முளைக்கீரை மூன்று நான்கு கிழமையில் அறுவடைக்கு வந்துவிடும். மருந்தடித்தபின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கும். ஆனால் சந்தைக்குப் போகும் அவசரத்தில் அந்த நாட்களை யார் எண்ணுகிறார்கள்?

நாங்கள் யோசிப்பதற்கு இன்னொரு காரணம், நம் தீவின் மணல். மேலே ஊற்றுவது எதுவும் கீழே கிணற்றுக்குப் போய்ச் சேரும். 1990 ஒக்ரோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட நம் மூத்தவர்களில் பலர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். அங்கும் இதே மணல், இதே ஆழமற்ற கிணறு. அளவுக்கு மிஞ்சிய உரத்தால் கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த நாம் இங்கேயும் அதையே செய்யலாமா?

சரி, நாங்கள் செய்வதைச் சொல்கிறோம்.

வேப்பம்பழம் விழும் காலத்தில் பிள்ளைகள் கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி நிழலில் காயவைப்பார்கள். வெயிலில் போட்டால் சத்துக் குறையும், ஈரத்தோடு வைத்தால் பூசணம் பிடிக்கும். தேவைப்படும்போது ஓட்டை உடைத்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கில் இடித்து, துணியில் கட்டி ஓர் இரவு ஊறவைப்போம். காலையில் பிழிந்து வடிகட்டி நிழலில் மூடிவைத்து, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்து, அன்று மாலையே இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிப்போம். வெயில் பட்டால் வேம்பின் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் மாலை நேரம். கொட்டை இல்லாத காலத்தில் ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயைச் சவர்க்காரத்தோடு நன்றாகக் கலக்கி அடிப்போம். கசப்புப் போக ஒரு கிழமை விட்டு, கழுவித்தான் பறிப்போம்.

இது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இலைதின்னிப் புழுவையும் அசுவுணியையும் குறைக்கும். இலைப்புள்ளி பரவாமல் ஓரளவு தடுக்கும். கங்குனிலும் முளைக்கீரையிலும் இலைக்கு மேலே மஞ்சள் புள்ளியும் அடியில் வெள்ளைக் கொப்புளமும் கண்டால் அது வெண்துரு. அது வந்த இலையை எந்தச் சாறும் குணப்படுத்தாது. செடியைப் பிடுங்கி எரிப்பதே வழி, பசளைக்குழியில் போடக்கூடாது. இந்த நோய்க்கு இலையில் ஈரம் நிற்கவேண்டும். எனவே காலையில், வேரடியில் தண்ணீர் விடுகிறோம். நெருக்கமாக விதைப்பதில்லை. ஒரே பாத்தியில் ஒரே கீரையைத் திரும்பத் திரும்பப் போடுவதுமில்லை. உண்மையில் பாதி வைத்தியம் இதுதான்.

"இயற்கை" என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்கவேண்டாம். புகையிலைச் சாற்றில் இருக்கும் நிக்கொட்டின் கடும் நஞ்சு. பாடசாலைக்குள் அதை நாங்கள் விடுவதில்லை.

2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். "சேதனம்" என்ற சொல்லைக் கேட்டாலே நம் விவசாயிகளுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. ஆயத்தமில்லாமல் ஒரே நாளில் மாற்றச் சொன்னது ஒன்று. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் பழகிப் பார்ப்பது வேறு. பெரிய தோட்டம் செய்பவர்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டே முடிவெடுங்கள்.

இந்த மரத்தின் பெறுமதி தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். 1942இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற முஸ்லிம் விஞ்ஞானி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் உட்பட மூன்று கசப்புப் பொருட்களைப் பிரித்தெடுத்தார். பின்னர் வேப்பெண்ணெயால் பயிரின் பங்கசைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலானோர் எதிர்த்து வாதாடியதில் 2000இல் அது இரத்தானது. மேன்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. அந்த முறை புதிதல்ல, இந்தியாவில் முன்பே கையாளப்பட்டது என்பதுதான் வாதம்.

நம் முற்றத்திலோ அந்தக் கொட்டையைக் கூட்டி நெருப்பு வைக்கிறோம்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை பழம் விழும்போது கூட்டி எரிக்காமல் ஒரு பையில் சேர்த்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். காயவைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் பாத்தி போட்டிருப்பவர்களுக்குப் பருப்பு திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.