கடலோரம் ஓர் ஓடும் இல்லம்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் புறப்படுவது நம் வழக்கம். அமெரிக்காவிலோ வீட்டையே ஓட்டிக்கொண்டு பயணம் போகின்றவர்கள் ஏராளம். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை, கழிவறை ஆகிய அனைத்தும் அடங்கிய அந்த வண்டியை 'ஆர்.வி.' எனச் சுருக்கமாக அழைக்கின்றனர். 2023 செப்டம்பரில், ஓரிகன் மாநிலக் கடற்கரையை ஒட்டி, என் தம்பியுடன் அத்தகைய வண்டியில் ஐந்து இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் காயல்பட்டினம். வீடு பெண்மக்களுக்கு உரியது. ஆண்மக்கள் திருமணம் முடிந்ததும் மனைவியின் இல்லத்திற்குச் சென்றுவிடுவர் என்னும் எங்கள் ஊர் வழக்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். தம்பியும் அவ்வாறே சென்றான். பின்னர் பிழைப்பின் பொருட்டு அமெரிக்கா சென்று போர்ட்லண்ட் நகரில் குடியேறினான். நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தாற்போல் சில இரவுகள் தங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 2021-இல் எங்கள் உம்மா மௌத்தானபோது, கொரோனா நோய்த்தொற்றினால் விமானப் போக்குவரத்து பெரிதும் முடங்கிக் கிடந்தது. தம்பியால் வர இயலவில்லை. மறு ஆண்டு அவன் ஊருக்கு வந்தபோது வீடு நிறைய உறவினர்கள். வந்த பத்து நாட்களும் விருந்திலும் விசாரிப்பிலும் கழிந்தன. உம்மாவைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் இடமும் வாய்க்கவில்லை.

தம்பி வாடகைக்கு எடுத்த வண்டி 25 அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு கட்டில், பின்புறம் ஒரு கட்டில், இரண்டுக்கும் நடுவே சமையலறை. இதனை ஓட்டுவதற்குச் சாதாரண கார் உரிமமே போதுமானது. ஆனால் ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு, பத்து மைல்தான் ஓடும். பார்ப்பதற்கு மாளிகையாகத் தோன்றினாலும் உள்ளே சிக்கனமே சட்டம். வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றொன்றில் சமையல், குளியல் நீர் சேரும். மூன்றாவது கழிவறைக்கு உரியது. கழிவுத் தொட்டிகளை அதற்கென அமைந்த இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, அதன் பிறகே குளியல் நீர்த் தொட்டி. பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும் என்பதே காரணம். ஒளுச் செய்யும்போதுகூடத் தண்ணீரின் அருமையை அந்தச் சின்னக் குழாய் நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம் ஒதுக்குகின்றனர். மின்சார இணைப்பும் தண்ணீர்க் குழாயும் ஒரு மேசையும் தீ மூட்ட ஓர் இரும்பு வளையமும் அங்கே இருக்கும். வண்டி சமமாக நிற்காவிட்டால் எரிவாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி சரியாக வேலை செய்யாது. ஆகவே சக்கரத்தின் அடியில் கட்டைகளை வைத்துச் சமப்படுத்துகின்றனர். இரவு பத்து மணிக்கு மேல் உரத்த பேச்சுக்கும் பாட்டுக்கும் இடமில்லை.

நம்மவர்களுக்கு இந்த வண்டியால் ஒரு பெரிய வசதி உண்டு. வழியில் ஹலால் உணவு கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டியதில்லை. போர்ட்லண்டில் வாங்கிய இறைச்சியும் ஊரிலிருந்து நான் கொண்டு சென்ற மசாலாத்தூளும் எங்களோடு வந்தன. அடுப்பு எங்களுடையது; ஆணமும் எங்களுடையது.

ஓரிகனின் கடற்கரை ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுடையது. நெடுஞ்சாலை 101 அதனை ஒட்டியே வடக்குத் தெற்காகச் செல்கின்றது. எங்கள் ஊரில் கதிரவன் கடலிலிருந்து எழுவான். இங்கே கடலில் இறங்குகின்றான். நாம் மேற்கு நோக்கித் தொழுகின்றவர்கள். அங்கே கிப்லாவோ வடக்கிலிருந்து சற்றே கிழக்காக அமைந்துள்ளது. கடலை இடப்புறம் வைத்துத் தொழுதபோது, உலகம் உருண்டை என்பதைப் பள்ளிப் பாடம் உணர்த்தியதைவிட அந்தத் தொழுகை எனக்கு நன்றாக உணர்த்தியது.

இந்தக் கடற்கரையில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சட்டம். 1913-இல் மாநில ஆளுநராக இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட் என்பவர், அலை வந்து நனைக்கும் மணற்பரப்பைப் பொதுச் சாலையாகச் சட்டப்படி அறிவிக்கச் செய்தார். சாலை என்றால் எவரும் அதனை விற்கவோ வளைக்கவோ முடியாதல்லவா? 1966-இல் கேனன் பீச் என்னும் ஊரில் ஒரு விடுதிக்காரர், தம் விடுதிக்கு முன்னிருந்த உலர்ந்த மணற்பகுதியை வேலியிட்டுத் தம் விருந்தினருக்கு மட்டும் என்றார். மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக, செடி கொடிகள் தொடங்கும் எல்லை வரையிலான மணலை எவரும் பயன்படுத்தலாம் என்னும் சட்டம் 1967 ஜூலையில் ஆளுநர் டாம் மெக்கால் கையொப்பத்துடன் வந்தது. அந்த ஊரில் 235 அடி உயரத்தில் நிற்கும் வைக்கோற்போர் போன்ற பாறையைச் செல்வரும் எளியவரும் அருகருகே நின்று பார்க்கின்றனர். நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை.

மறுநாள் தெற்கே நியூபோர்ட் துறைமுகம் சென்றோம். கோடையின் பிற்பகுதியில் அங்கே மீனவர்கள் தம் படகிலேயே சூரை மீன் விற்கின்றனர். தம்பி ஒரு மீனை வாங்கித் துண்டு போடச் செய்தான். அன்று மாலை நான் புளி கரைத்து மீன் ஆணம் வைத்தேன். உம்மா வைக்கும் பக்குவம் வந்ததா என்று அவன் சொல்லவில்லை. மூன்று முறை சோறு வாங்கி உண்டான்.

அன்றிரவு தங்கிய இடம் பெவர்லி பீச் முகாம். அந்தக் கடலோரம் எங்கும் நீலநிறப் பலகைகள் நிற்கின்றன: இது சுனாமி அபாயப் பகுதி, மேட்டுக்குச் செல்லும் வழி இது என்று. 1964 மார்ச் 27-இல் அலாஸ்காவில் நேர்ந்த பெரும் பூகம்பத்தின் அலைகள் சில மணி நேரத்தில் ஓரிகனை வந்தடைந்தன. இதே பெவர்லி கடற்கரையில் குடும்பத்துடன் உறங்கிக்கொண்டிருந்த நான்கு குழந்தைகளை அவை கொண்டுபோயின. அதற்கும் முன்னர், 1700 ஜனவரி 26-இல், இந்தக் கரைக்கு எதிரேயே கடலடித்தட்டு பிளந்து பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. காரணம் தெரியாமல் ஜப்பானில் வந்து மோதிய அலைகளை அந்நாட்டவர் குறித்து வைத்திருந்ததால்தான் அறிஞர்கள் அந்த நாளைக் கண்டறிய முடிந்தது. நிலம் அதிர்ந்தால் சங்கொலிக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி நடக்க வேண்டும் என்பதே அப்பலகைகளின் பாடம். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நாகூர், வேளாங்கண்ணி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அதன் பின்னர் 1894 முதல் ஒளி காட்டிவரும் ஹெசிட்டா முனைக் கலங்கரை விளக்கத்தைக் கண்டுவிட்டு, ஃப்ளாரன்ஸ் அருகிலுள்ள ஹனிமன் முகாமை அடைந்தோம். அங்கிருந்து தெற்கே சுமார் 40 மைல் தூரத்திற்கு மணற்குன்றுகள் நீண்டு கிடக்கின்றன. நம் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டை அறிந்தவர்களுக்கு அக்காட்சி வியப்பூட்டும். நம் தேரி செம்மண் நிறம், அதுவோ வெளிர்மஞ்சள். நகரும் மணலைப் பிடித்து நிறுத்த ஐரோப்பாவிலிருந்து ஒரு புல்லைக் கொண்டுவந்து நட்டனர். இப்போது அப்புல்லே குன்றுகளை மூடி அழிக்கின்றது என்று அதனைப் பிடுங்கிக்கொண்டிருக்கின்றனர்.

அந்த முகாமில் இரவு மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் கூரையில் அது விழும் ஓசை, எங்கள் வீட்டுத் தகரச் சார்ப்பின் ஓசையை ஒத்திருந்தது. மேற்கட்டிலில் படுத்திருந்த தம்பி இருட்டில் கேட்டான்: "ராத்தா, உம்மாவின் கடைசி நாட்களை எனக்குச் சொல்லுங்கள்."

சொன்னேன். எந்த நாள் என்ன உண்டார்கள், யார் யார் வந்தார்கள், எந்தத் துப்பட்டியைப் போர்த்தியிருந்தார்கள், அனைத்தையும் சொன்னேன். முந்தைய நாள் தொலைபேசியில் அவனிடம் பேசி முடித்ததும் உம்மா என்னைப் பார்த்து, "அவன் குரல் கம்மியிருக்கிறது. சளி பிடித்திருக்கும். சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்" என்றார்கள். அதைச் சொல்லும் முன், மறுநாள் வேறு செய்தி முந்திக்கொண்டது. இதனையும் சொன்னேன்.

வெகுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அன்று எனக்குச் சளி இல்லை, ராத்தா" என்றான்.

விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். சுபுஹுக்குப் பின் இருவரும் சேர்ந்து உம்மாவுக்காக துஆச் செய்தோம். மாடிகளும் அறைகளும் நிறைந்த எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக நிகழாதது, கதவில்லாத அந்தச் சிறு வண்டியில் நிகழ்ந்தது.

இப்பயணத்தை விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மாநில அரசின் முகாம்களில் ஆறு மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். கோடையில் கிடைப்பது அரிது. கடல்நீர் கோடையிலும் எலும்பை உறைய வைக்கும் குளிர்ச்சி உடையது. அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து திடீரென ஒரு பேரலை கரையேறி ஆளை இழுத்துவிடும்; ஆதலால் கடலுக்கு முதுகு காட்டி நில்லாதீர்கள். பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள்.

வாசகர்களே! நம் வீடுகளில் வெளிநாடு சென்ற சகோதரர் இல்லாத வீடு அபூர்வம். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது விருந்து வைக்கின்றோம், புத்தாடை எடுக்கின்றோம், ஊர் முழுவதும் அழைத்துச் செல்கின்றோம். அவர்களுடன் தனித்திருக்க ஓர் இரவையும் ஒதுக்குங்கள். அதற்கு ஓரிகனும் வேண்டாம், ஆர்.வி.யும் வேண்டாம். விளக்கை அணைத்தபின் ஒரு பாயில் நீங்களும் ஒரு பாயில் அவர்களுமாகப் படுத்துக்கொள்ள ஒரு மொட்டை மாடி போதும். கேட்க வேண்டியதை அவர்கள் கேட்பார்கள்.