குச்சாய்ப் பாத்தி கற்பித்த பாடம்

வெள்ளைப்பூண்டு நம் சமையலறைகளில் நாள்தோறும் மணப்பது. ஆயினும் அதன் பல்லை இங்குள்ள மண்ணில் ஊன்றினால் தாள் எழுமேயன்றிப் பூண்டு திரள்வதில்லை. அதற்குக் குளிர்ப்பருவமும், பின்னர் நீண்ட பகற்பொழுதும் வேண்டும். ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கும் பெட்டாலிங் ஜெயாவில் அவை கிட்டா. ஐரோப்பியக் காடுகளில் மரநிழலில் தானே வளரும் காட்டுப்பூண்டும் குளிர்நாட்டுக்கே உரியது. ஆகவே, அவ்வினத்தைச் சேர்ந்த குச்சாயை நம் பள்ளித் தோட்டத்தில் பயிரிட்டோம். மீ கோரெங்கில் நாம் விரும்பி உண்ணும் அதே கீரைதான்.

குச்சாய் வளர்ப்பு எளிது. முதிர்ந்த தூரைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளியில் நட வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே, மாலை மழை மிகுந்த இவ்வூரில் பாத்தியை உயர்த்தி அமைத்தோம். மக்கிய எருவும் நல்ல வெயிலும் போதும். தாள் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும், அடியில் இரு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை தூர் பிரித்து நட்டால் நெடுங்காலம் பயன் தரும்.

இனி, நம் பிழையைக் கூறுவோம். அப்பாத்தியின் ஓரத்தில் அழகுக்கென மழை லில்லியையும் நட்டிருந்தோம். பூவாத காலத்தில் இரண்டின் தாள்களும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மழை லில்லி நஞ்சுடையது. உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஒருநாள் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறுத்துக் கொணர்ந்த கட்டில் பாதி மழை லில்லியாக இருந்தது. சிற்றுண்டிச்சாலை அம்மையார் கண்டுகொண்டதால் தீங்கு நேரவில்லை.

"கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னோமே!" என்று அவனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம்.

"முகர்ந்தேன், ஐயா. எல்லாமே பூண்டு மணந்தது," என்றான், கண்கலங்கி.

அவன் கையை வாங்கி முகர்ந்தோம். உண்மைதான். முதலில் கசக்கிய குச்சாயின் மணம் விரல்களில் ஒட்டியிருந்தது. அதன்பின் எவ்விலையைக் கசக்கினாலும் பூண்டே மணக்கும். ஐரோப்பாவில் காட்டுப்பூண்டு பறிப்போரும் இதனாலேயே நச்சிலைகளைப் பிரித்தறிய இயலாது ஏமாறுவதுண்டு. சொல்லிக்கொடுத்த நாம் அரைப்பாடமே சொல்லிக்கொடுத்திருந்தோம். மறுநாள் சபைகூடலில் அம்மாணவனிடம் வருத்தம் தெரிவித்தோம்.

மழை லில்லி இப்பொழுது வாயிலருகே தனித்துப் பூக்கிறது. பாத்தியில் குச்சாய் மட்டுமே உள்ளது. மாணவச் செல்வங்களே! வீட்டில் ஒரு தொட்டியிலேனும் குச்சாய் வளர்த்துப் பாருங்கள். அதனருகே வேறெதையும் நடாதீர்கள். மணத்தை மட்டும் நம்பாது, நட்ட இடத்தையும் தாளையும் நோக்குங்கள். சிறிதேனும் ஐயம் எழுந்தால் உண்ணாது, பெரியோரிடம் காட்டுங்கள். பெரியோராகிய நாமும் குழந்தையைக் கடியுமுன், அவன் கூறுவதைச் செவிமடுப்போமாக.