ஹுவாங்பூ நதிக்கரையில்

ஒரு தேசத்தின் இரண்டு காலங்களை ஒரே நதியின் இரண்டு கரைகளிலும் காண வேண்டுமானால் ஷாங்காய் நகரத்துக்குப் போக வேண்டும். அந்தி மயங்கும் வேளையில் ஹுவாங்பூ நதியின் மேற்குக் கரையில் நின்றேன். எனக்குப் பின்னால் ‘பண்டு’ என்று வழங்கும் பழைய வீதி. எதிர்க்கரையில் புதோங், அதன் வானளாவிய மாளிகைகளில் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின.

முதலில் பழைய கரையின் கதையைச் சொல்லுகிறேன். அபினி யுத்தத்தில் தோற்ற சீனா, 1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையின்படி இந்தத் துறைமுகத்தை அந்நியருக்குத் திறந்துவிட நேர்ந்தது. அவர்கள் இங்கே தனிக் குடியிருப்பும், தனிச் சட்டமும், தனிப் போலீஸும் வைத்துக்கொண்டார்கள். 1923-ல் ஹாங்காங் ஷாங்காய் பாங்கியின் குவிமாடம் எழுந்தது. 1929-ல் பம்பாயில் வேரூன்றிச் செழித்த ஸஸூன் குடும்பத்தாரின் ஹோட்டல் எழுந்தது. அக்குடும்பத்தின் செல்வத்தில் நம் நாட்டிலிருந்து போன அபினிக்குப் பெரும்பங்கு உண்டு. வீதியில் காவல் நின்ற போலீஸாரிலும் பலர் நம் சீக்கியர்கள். இதையெல்லாம் நினைத்தபோது என் தலை சற்றுக் குனிந்தது.

அந்நாளில் ஷாங்காய் கீழ்த்திசையின் பெரிய பணச்சந்தையாக விளங்கியது மெய்தான். ஆனால் யாருடைய சந்தை? இந்தக் கரையோரப் பூங்காவில் 1928 வரையில் சீனர் உலாவ அனுமதி இல்லை. வெள்ளைக்காரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சொந்த ஊரில் அந்நியனாக நிற்பவனுக்கு அவ்வூரின் செல்வத்தால் என்ன பெருமை?

இனி, எதிர்க்கரைக்கு வருவோம். 1949-க்குப் பிறகு மூடிக் கிடந்த பங்குச்சந்தை 1990 டிசம்பரில் மீண்டும் திறந்தது. அவ்வருஷமே வயல்களும் கிடங்குகளுமாக இருந்த புதோங்கைப் புது நகரமாக்க அரசாங்கம் முடிவு செய்தது. இன்று அங்கே 632 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய் கோபுரம் நிற்கிறது. 2020-க்குள் ஷாங்காயை உலக நிதிக் கேந்திரமாக்குவதென்று சீன மந்திரிசபை 2009-ல் தீர்மானித்தது. 2015-ல் ‘பிரிக்ஸ்’ நாடுகளின் புதிய அபிவிருத்தி பாங்கி இங்கேயே தலைமையகம் அமைத்தது. அதன் முதல் தலைவர் நம் நாட்டுக் கே. வி. காமத்.

அப்படியானால் ஷாங்காய், லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சமமாகிவிட்டதா? பூங்காப் பெஞ்சில் என் அருகே அமர்ந்திருந்த சீனப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவரும் என்னைப் போல உபாத்தியாயர், ஓய்வு பெற்றவர். அவர் சிரித்துக்கொண்டே, “வீட்டு வாசல் பெரிதுதான், ஐயா. ஆனால் வெளியே போகிறவன் காரணம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். சீனக் குடிமகன் ஒருவர் தம் யுவானை வருஷத்துக்கு 50,000 டாலர் வரையில்தான் எளிதாக மாற்றலாம். அதற்கு மேல் தக்க பத்திரங்கள் காட்ட வேண்டும். அந்நிய மூலதனத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. 2020 நவம்பரில் ஆண்ட் நிறுவனத்தின் பிரமாண்டமான பங்கு வெளியீடு, சந்தைக்கு வர இரண்டே நாட்கள் இருக்கையில் நிறுத்தப்பட்டது. அதிகாரிகளின் ஒரு வார்த்தையில் சந்தையின் திட்டம் மாறுமானால், தூரதேசத்துப் பணக்காரன் தயங்கத்தானே செய்வான்?

அந்தப் பூட்டுக்கும் நியாயம் இல்லாமற் போகவில்லை. 1997-ல் பணம் திடீரென்று வெளியேறியபோது தாய்லாந்தும் இந்தோனேசியாவும் பட்ட பாட்டைச் சீனா கண்டது. அந்நியனுக்குக் கதவைத் திறந்து அவதிப்பட்ட பழைய நினைவும் அதற்கு உண்டு. ஆகவே 2014 முதல், ஹாங்காங் சந்தையோடு இணைத்த ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது.

தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். முதலாவது ஷாங்காயில் மலையாய்க் குவிந்திருக்கிறது. இரண்டாவதைக் கோபுரம் போல் பத்து வருஷத்தில் கட்டிவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே விதமாக நடக்கும் நீதிமன்றமும், மறைக்கப்படாத செய்தியும், நாளைக்கும் மாறாத விதியும் சேர்ந்தே அதைக் கட்ட வேண்டும். அன்று அந்நியர் பூட்டியிருந்த பூங்காவில் இன்று சீனக் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். அந்தக் கதவைத் திறந்த தேசம், இந்தக் கதவையும் தன் இஷ்டப்படி, தன் மானம் குறையாமல் திறக்கும் நாளில், ஷாங்காய் உலகின் பெட்டகமாகும்.