மாற்றும் முன் அளத்தல்

சிங்கப்பூரின் வட எல்லையான உட்லண்ட்ஸ், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் இக்கரை முனையாகும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள அப்பாலத்தைக் கடக்க விடுமுறை நாள்களில் கார்கள் மணிக்கணக்கில் ஊர்ந்து செல்வதால், எதிர்க்காற்றின் துணையின்றி விசிறி ஒன்றையே நம்பி எஞ்சின் குளிர வேண்டியிருக்கிறது. அவ்விசிறியை எப்போது சுழற்றுவது என்பதைப் பெரும்பாலான கார்களில் கூலன்ட் வெப்பநிலை உணரியின் அளவே தீர்மானிக்கிறது; ஆகவே, விரைவுச்சாலையில் மறைந்திருந்த அதன் பழுது இவ்வரிசையில் வெளிப்பட்டு, உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கு வந்து சேர்கிறது.

பட்டறைகளில் சென்சார் எனப்படும் இவ்வுணரி, கட்டைவிரலளவே ஆன பித்தளை அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்தடையைக் கொண்டது. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பல கார்களில் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும் தடை, 80 பாகையில் 200 முதல் 400 ஓமாகச் சுருங்கும். எஞ்சின் கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலைத்தடையின் வழியே அனுப்பி, உணரியின் முனைகளில் எஞ்சும் அழுத்தத்தைக் கொண்டே வெப்பநிலையைக் கணிக்கிறது. எஞ்சின் சூடான பின்னும் உணரி குளிரையே தெரிவித்தால், கணினி தேவைக்கு மிகுதியாகப் பெட்ரோலைத் தெளிக்க, கரும்புகையும் செலவும் கூடும். இரவிலும் வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்கும் சிங்கப்பூரில், குளிர்நாடுகளில் காலைநேரத்து ஸ்டார்ட்டிங் சிக்கலாகத் தெரியும் பழுது எளிதில் கண்ணில் படுவதில்லை.

எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0118 என்ற பழுதுக் குறியீடு கண்டதும் உணரியைக் கழற்றி எறிவது பரவலான தவறு. அக்குறியீடு சொல்வது உணரிச் சுற்றில் மின்னழுத்தம் மிகுந்துள்ளது என்பதை மட்டுமே. அறுந்த வயரும் பச்சைக் களிம்பேறிய சாக்கெட்டும் அதே குறியீட்டைத் தரக்கூடும். பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டப்படும் பழைய கார்களில், எஞ்சின் சூட்டில் வெந்து நொறுங்கும் சாக்கெட்டுகள் அரிதல்ல. எனவே, தேர்ந்த மெக்கானிக் முதலில் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் பார்க்கிறார். அதில் மைனஸ் 40 பாகை தோன்ற வேண்டும். பின்னர் சாக்கெட்டின் இரு முனைகளையும் துண்டு வயரால் இணைக்கும்போது அளவு உச்சத்துக்குப் பாய வேண்டும். இரண்டும் முறையாக நிகழ்ந்தால் வயரிலும் கணினியிலும் குறையில்லை என்பது உறுதியாக, ஐயம் உணரியின் மேல் மட்டுமே எஞ்சுகிறது. இரண்டே நிமிடத்தில் முடியும் இச்சோதனையைவிடத் தெளிவான தீர்ப்பை விலையுயர்ந்த கருவிகளும் தந்துவிடுவதில்லை.

அதன்பின் எஞ்சினை ஆறவிட்டு (சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும்) உணரி கழற்றப்படுகிறது. அதன் நுனி வெந்நீரில் அமிழ, முனைகளில் மல்டிமீட்டரின் கம்பிகள் பொருத்தப்பட, நீர் ஆறுந்தோறும் எண் சீராக ஏறுகிறதா என்று மெக்கானிக் பார்க்கிறார். இடையில் ஒரே ஓரிடத்தில் எண் துள்ளினால், குறியீடாகப் பதிவாகாமல் அவ்வப்போது தலைகாட்டும் பழுது அங்கேதான் ஒளிந்திருக்கிறது. முகப்புப் பலகையின் முள் இதைக் காட்டாது; பல கார்களில் குறிப்பிட்ட வரம்புக்குள் அம்முள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது.

உணரி நலமாக இருந்தும் எஞ்சின் சூடேறாவிடில், திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். கூலன்ட் குறைந்து உணரி காற்றுக்குமிழில் நிற்பதாலும் அளவு பிறழும். ஆகவே, புதிய உணரியைப் பொருத்திய பின் கூலன்ட்டை நிரப்பி, காற்று முழுதும் வெளியேறி விசிறி தானாகவே சுழன்று நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்ட பிறகே கார் உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.