எது நேர்?

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உள்ளன. அவற்றைக் கடந்தால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பித் தோட்டங்கள் விரிகின்றன. அப்பா தம் இளமையில் கணக்கெழுதிய தோட்டத்தை மீண்டும் ஒருமுறை காண வேண்டுமென்று அம்மா விரும்பினார். உடன்பிறந்தார் இருவராகிய நாங்கள் அவரைக் காரில் அழைத்துச் சென்றோம்.

அதற்கு முந்தைய ஞாயிறன்று முன்சக்கரங்களை நாங்களே சீர்செய்திருந்தோம். டயர்களின் உள்விளிம்பு தேய்ந்திருந்ததே காரணம். பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தோடு, நம் கையால் ஆகாததா என்ற செருக்கும் எங்களிடம் இருந்தது. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, இருபுறமும் நைலான் நூல் கட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று அளந்தோம். சக்கரங்கள் முன்புறம் விரிந்திருந்தன. டை ராடைத் திருகிச் சரிசெய்தோம். ஆனால் இரு பக்கமும் சமமாகத் திருகாமல், கைக்கு எட்டிய ஒரு பக்கத்தை மட்டுமே திருகினோம். அதனால் வண்டி நேராகச் செல்லும்போதும் ஸ்டியரிங் சற்றே சாய்ந்து நின்றது. பார்வைக்குத்தானே குறை என்று விட்டுவிட்டோம்.

மலையிலிருந்து இறங்கும்போது முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. "என்னப்பா அது?" என்றார் அம்மா. "ஒன்றுமில்லை, அம்மா" என்றோம். அடுத்த வளைவில், நாங்கள் மிதிக்காமலேயே ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்து விட்டது போல வண்டி வெட்டியது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அதன்பின் அடிவாரம் வரை ஊர்ந்தே வந்தோம், ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் சேலத்தில் ஒரு மெக்கானிக் விளக்கினார். ஸ்டியரிங் தண்டிலுள்ள உணரி, ஓட்டுநர் எந்தத் திசையில் செல்ல விரும்புகிறார் என்று கூறுகிறது. வேறோர் உணரி, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று கூறுகிறது. இரண்டும் முரண்பட்டால், வண்டி சறுக்குவதாகக் கருதித் தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு அது. 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இது அறிமுகமாயிற்று. 1997-இல் சுவீடனில், திடீரெனத் திருப்பி ஓட்டும் சோதனையொன்றில் அந்நிறுவனத்தின் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன்பின் அவ்வகைக் கார்கள் அனைத்திலும் இது பொருத்தப்பட்டது. உயிர்காக்க வந்த அந்த ஏற்பாட்டையே நாங்கள் குழப்பியிருந்தோம்.

மெக்கானிக் இரு டை ராடுகளையும் சமமாகத் திருத்தி ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தினார். பிறகு ஒரு சிறு கருவியை வண்டியில் இணைத்து, உணரிக்குப் புதிய பூச்சியத்தைப் பதிவுசெய்தார். "சக்கரத்தை நேராக்கிவிட்டீர்கள், சார். எது நேர் என்று வண்டிக்குச் சொல்லவில்லையே!" என்றார்.

அச்சொல் எங்களை விட்டு நீங்கவில்லை. உணரி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த பூச்சியத்திலிருந்து ஒழுங்காகவே அளந்தது. நாமும் பலரைக் கோணல் என்று தீர்ப்பிடும்போது, அளவில் தவறுவதில்லை; அளக்கத் தொடங்கும் இடத்தில்தான் தவறுகிறோம். சாய்ந்து நின்ற ஸ்டியரிங்கைக் கண்ட பின்னும், "எல்லாம் சரி" என்பதையே பூச்சியமாகக் கொண்டு மலையேறியவர்கள் நாங்கள்.

அன்று மாலை அம்மாவிடம் நடந்ததை முழுவதும் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை.

"அந்த விளக்கு எரிந்தபோதே சொல்லியிருக்கலாமே, வண்டியை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு காப்பி குடித்திருப்போம்" என்றார்.