எனக்கு ட்ரம்போன்தான் பிடிக்கும்



இந்த மாதச் சுவரிதழில் ‘எனக்குப் பிடித்தது’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னார் தமிழ் அய்யா. “ட்ரம்போன் பத்தி எழுதட்டுமா அய்யா?” என்று கேட்டேன். “அது என்னம்மா, புதுசா வந்த போனா?” என்றார். வகுப்பே சிரித்தது. அதனால் முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும், கிட்ட வந்து படியுங்கள்.

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் பார்த்திருப்பீங்க. சிவப்புக் கோட்டு, தொப்பி, முன்னால் கிளாரினெட், ட்ரம்பெட், பின்னால் பெரிய டிரம். அதில் ஒருத்தர் மட்டும் குழலை முன்னால் தள்ளியும் பின்னால் இழுத்தும் ஊதுவார். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு மாதிரி இருக்கும். அதுதான் ட்ரம்போன். எல்லா செட்டிலும் இருக்காது. சிதம்பரத்தில் எங்க மாமா வைத்திருக்கிற செட்டில் இருக்கு. மாமாவே அதை வாசிக்கிறார். லீவு விட்டால் நான் மாமா வீட்டுக்குத்தான் போவேன். போன வருஷத்திலிருந்து எனக்கும் சொல்லித் தருகிறார்.

மாமாவோட ட்ரம்போன் மீரட்டில் செய்தது. உத்தரப்பிரதேசத்தில் இருக்கிற ஊர். 1857 சிப்பாய்க் கலகம் என்று சமூக அறிவியல் பாடத்தில் வருகிற அதே மீரட்தான். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885-லிருந்து பேண்டு வாத்தியம் செய்கிறது.

ட்ரம்பெட்டில் மூணு பொத்தான் இருக்கும். கிளாரினெட்டில் துளையும் சாவியும் இருக்கும். நாகசுரத்திலும் துளை உண்டு. ட்ரம்போனில் ஒண்ணுமே கிடையாது! சுருட்டி வைத்திருக்கிற குழலை நேராக நீட்டினால் 9 அடி வரும். அதை இழுக்க இழுக்க இன்னும் நீளம் கூடும். நீளம் கூடினால் சுருதி இறங்கும். ஏழு இடம் இருக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் அரை ஸ்வரம் இறங்கும். ஆனால் குழல் மேலே கோடு ஒண்ணும் போட்டிருக்காது. இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்கணும். ஒரு விரல்கடை தள்ளிப் போனால் அபஸ்வரம். ஏழாவது இடத்துக்குக் கையை முழுசா நீட்டணும். என் கைக்கு ஆறு வரைக்கும்தான் எட்டுது. தோள்பட்டையைத் தள்ளிப் பார்த்தும் எட்டவில்லை. “வளருவ பாப்பா, அவசரம் என்ன” என்கிறார் மாமா.

இழுக்கிற குழல் என்பதால் ஒரு லாபமும் இருக்கு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். பொத்தான் அழுத்தினால் ஸ்வரம் படிக்கட்டு மாதிரி வரும், இது சறுக்குமரம் மாதிரி வரும். நம்ம பாட்டுக்குக் கமகம் வேண்டும் அல்லவா? அது இதில் நன்றாக வரும். மார்கழித் தேருக்கு சிதம்பரம் கீழவீதியில் நாகசுரக்காரர்கள் மல்லாரி வாசிக்கும்போது மாமா பக்கத்தில் நின்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அதை ட்ரம்போனில் இழுத்துப் பார்ப்பார். அத்தை கதவைச் சாத்திவிடுவாங்க.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே என்று சிலர் சொல்லலாம். ஆமாம், பேண்டு பட்டாளத்தோடுதான் வந்தது. நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பட்டாளம் எல்லாம் நமக்குப் பழைய விருந்தாளி. 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் பாட்டு எழுதியிருக்கிறார். ‘நோட்டு ஸ்வரம்’ என்று பெயர். முப்பதுக்கு மேல் இருக்கு. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். இருநூறு வருஷமாக வாசிக்கிறோம், இன்னுமா அவன் வாத்தியம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் மாமா செட்டு சும்மா இருந்தது. மாமா போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் காட்டினார். அமெரிக்கா. பதினேழு பேர் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன், அதற்குப் பின்னால் நாலு ட்ரம்போன், நாலு ட்ரம்பெட், பக்கத்தில் பியானோ, கிட்டார், பெரிய பாஸ், டிரம். எல்லாருக்கும் முன்னால் கண்ணாடி போட்ட ஒருத்தர் நிற்கிறார். அவர் கையில் ட்ரம்போன்!

அவர் பெயர் கிளென் மில்லர். 1904-இல் பிறந்தவர். 1937-இல் ஆரம்பித்த முதல் குழு படுத்துவிட்டது. 1938-இல் மறுபடி ஆரம்பித்தார். சாக்ஸபோன்களுக்கு மேலே ஒரு கிளாரினெட்டை வாசிக்க வைத்தார். அந்தச் சத்தம் யாரிடமும் இல்லை. 1939-இல் அமெரிக்கா முழுக்க அவர் பாட்டுதான். உலகப்போர் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயும் பேண்டு நடத்தினார். 1944 டிசம்பர் 15-ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து பாரிசுக்குச் சின்ன விமானத்தில் கிளம்பினார். விமானமும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்லை.

அவங்க வாசிக்கிறதுக்கு ‘ஸ்விங்’ என்று பெயர். ஊஞ்சல்! எப்படி வாசிப்பது என்று மாமா தவில் சொல்லில் சொல்லிக் கொடுத்தார். ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். இப்போது நடுவில் இருக்கிற ‘கி’யை வாய்க்குள் முழுங்கிவிட்டு ‘த’வையும் ‘ட’வையும் மட்டும் சொல்லுங்கள். த…ட த…ட த…ட. நடக்கும்போது சொன்னால் கால் தானாகத் துள்ளும். ஏறக்குறைய அதுதான் ஸ்விங்.

ஆனால் எனக்குத் தாளத்தைவிட வேறொன்று பிடித்தது. நம்ம பேண்டு செட்டில் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் ஊதுவார்கள். பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஒரே வரி. அங்கே அப்படி இல்லை. சாக்ஸபோன் வரிசை ஒன்று கேட்கும், ட்ரம்பெட் வரிசை பதில் சொல்லும், ட்ரம்போன் நடுவில் புகுந்து கிண்டல் பண்ணும். தெருக்கூத்தில் ஒருத்தர் பாட பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார் இல்லையா, அது மாதிரி. யார் எப்போது ஊதணும், யார் சும்மா இருக்கணும் என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனித் தாள் எழுதி வைத்திருப்பார்கள்.

நானும் எழுதினேன். ரூல்டு நோட்டில் ஸரிகம போட்டு, மாமா செட்டு அடிக்கடி வாசிக்கிற ஒரு சினிமாப் பாட்டை மூணாகப் பிரித்தேன். கிளாரினெட்டுக்கு ஒரு தாள், ட்ரம்பெட்டுக்கு ஒன்று, யூஃபோனியத்துக்கும் ட்ரம்போனுக்கும் சேர்த்து ஒன்று. எழுதி முடிக்க நாலு நாள் ஆச்சு. திண்ணையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார்கள். முதல் தடவை சந்தைக்கடை. ரெண்டாவது தடவை பாதி வரை வந்தது. மூணாவது தடவை சரியாக வந்தபோது தெருவில் போன பூக்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

யூஃபோனியம் வாசிக்கிற தாத்தா இருக்கார். மாமாவோட அப்பா காலத்திலிருந்து செட்டில் இருக்கிறவர். முடிந்ததும் அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல எனக்குன்னு தனியா ஒரு வரி இருந்ததே இல்ல பாப்பா. இன்னொரு வாட்டி வாசிப்போமா?” என்றார். அன்றைக்கு ஏழு வாட்டி வாசித்தோம். பேண்டு மாஸ்டர் ஆகணும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். மாஸ்டர் என்றால் முன்னால் நின்று கையை ஆட்டுகிறவர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாமாவைக் கேட்டால் மாஸ்டர் வேலை கணக்கு நோட்டில்தான் இருக்கு என்பார். இப்போது கல்யாணத்துக்கு டி.ஜே. வைக்கிறார்கள், இல்லையென்றால் கேரளச் செண்டை மேளம் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு பேருக்குச் சம்பளம், வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் கொடுத்து பேண்டு வைக்க யோசிக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். போர் முடிந்ததும் அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் பெரிய குழுக்கள் உடைந்தன. டாமி டார்சி என்று இன்னொரு ட்ரம்போன்காரர், பெரிய பெயர். 1946 கடைசியில் அவரும் குழுவைக் கலைத்தார். அப்புறம் மறுபடி சேர்த்தார் என்பது வேறு.

எங்க ஆயாவுக்குக் கவலை வேறு. “பொட்டப் புள்ள சாவு வூட்டுக்கும் கல்யாண வூட்டுக்கும் ஊதிக்கினு போவாளா? நாளைக்கு எவன் கட்டுவான்?” அம்மா ஆயா பக்கம். அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. எங்க வீட்டில் அதற்குச் சரி என்றும் அர்த்தம் இல்லை, வேண்டாம் என்றும் அர்த்தம் இல்லை.

ஆயாவுக்கு நான் ரெண்டு பேரைச் சொன்னேன். ஒன்று, நாகசுரம் வாசிக்கிற காலீஷாபி மெஹபூப். கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு சேர்ந்து 2020-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். நாகசுரத்துக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று ஆயாவுக்கே தெரியும், பேசாமல் வெற்றிலை மடித்தார்.

இன்னொன்று ஹெலன் ஜோன்ஸ். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் பைனி உட்ஸ் என்று ஒரு பள்ளிக்கூடம், கறுப்பின ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்தது. பள்ளிக்குப் பணம் திரட்ட 1937-இல் அங்கே படித்த பெண்களை வைத்தே ஸ்விங் பேண்டு ஆரம்பித்தார்கள். ‘இண்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்று பெயர். நம்ம வயசுப் பிள்ளைகள்! ஹெலன் அதில் ட்ரம்போன். 1941-இல் பள்ளியை விட்டு வெளியே வந்து தனிக் குழுவாக ஊர் ஊராகப் போனார்கள். பிறகு வெள்ளைக்காரப் பெண்களும் சேர்ந்தார்கள். தென் மாநிலங்களில் ரெண்டு நிறத்தவரும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று சட்டம். அதனால் வெள்ளைக்காரப் பெண்கள் முகத்தில் மை பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். ஓட்டலில் இடம் தர மாட்டார்கள், பேருந்திலேயே தூங்குவார்கள். 1945-இல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பட்டாளத்துக்கு வாசித்தார்கள். 1949-இல் குழு கலைந்தது. ஹெலன் பிறகு நர்ஸ் வேலைக்குப் போனார். 2020-இல் கொரோனாவில் இறந்தார். வயது 96.

“பஸ்ஸுலயே தூங்குனாளுங்களா?” என்று மட்டும் ஆயா கேட்டார். அப்புறம் சீரியல் வந்துவிட்டது.

பைனி உட்ஸ் பற்றித் தெரிந்ததும் எனக்கு நம்ம பள்ளி ஞாபகம்தான் வந்தது. பி.டி. அறையில் ரெண்டு சைடு டிரம்மும், நசுங்கின ஒரு பியூகிளும் இருக்கு. விளையாட்டு விழா அன்றைக்கு மட்டும் வெளியே வரும். தலைமையாசிரியரிடம் கேட்டேன். ஆண்டு விழாவில் ஆறு நிமிடம் தருகிறேன், அதற்கு முன்னால் நான் ஒருமுறை கேட்கணும் என்று சொல்லியிருக்கிறார்.

இதுவரை சேர்ந்தவர்கள்: எட்டாம் வகுப்பில் தவில் ஒன்று (வீட்டிலேயே தவில் இருக்கு), புல்லாங்குழல் ரெண்டு, மவுத் ஆர்கன் ஒன்று, சைடு டிரம்முக்கு என் வகுப்புத் தோழிகள் ரெண்டு பேர், ட்ரம்போனுக்கு நான். மாமா சனிக்கிழமை மட்டும் குழலைத் தருவார். எல்லாருக்கும் தனித்தனித் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பியூகிள் ஊத ஆள் இல்லை. அதில் ஐந்தாறு ஸ்வரம்தான் வரும், பயப்பட வேண்டாம், அந்த ஸ்வரத்துக்கு ஏற்ற மாதிரியே எழுதித் தருகிறேன். யார் வீட்டிலாவது ஹார்மோனியம் இருந்தாலும் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் இருப்போம். பெயர் கொடுக்கிறவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே எழுதலாம். பென்சிலில் எழுதுங்கள். பேனாவில் எழுதினால் அய்யா திட்டுவார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி