முதற் சீட்டுக்கு முன்

சீட்டாட்டம் என்றதும் நம் மக்களின் முகம் சுளிக்கின்றது. பணம் வைத்து ஆடும் ரம்மியே அவர்தம் நினைவில் எழுகின்றது. அச்சுளிப்பில் குற்றமில்லை, அவ்வாட்டத்தால் நொடித்த குடும்பங்களைப் பங்குப் பணியில் நானும் கண்டிருக்கின்றேன். ஆயினும் நான் இங்கு எழுத விழைவது பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தைப் பற்றி. காசு வையாமலே சுவைக்கும் ஆட்டம் அது. இன்றுள்ள அதன் வடிவத்தை 1925-ஆம் ஆண்டு ஒரு கப்பற்பயணத்தில் வகுத்தவர் அமெரிக்கரான ஹரால்டு வாண்டர்பில்ட். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இணைந்து ஆடித் தங்கம் வென்றனர். அப்போது பர்தனுக்கு வயது 60. "சாமி, சீட்டுக்குமா தங்கம்?" என்று கோயில் முற்றத்தில் ஒருவர் என்னைக் கேட்டார்!

நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, உயர்ந்த சீட்டு அவற்றை அள்ளிச் செல்வது ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலத்தில் ஒப்புக்கொண்டவருக்கு எதிராக, அவருடைய இடப்புறத்தார் முதற் சீட்டை இறக்குவார். உடனே இணையாளர் தம் 13 சீட்டுகளையும் மேசைமேல் விரித்துவிட்டு மௌனமாகிவிடுவார். அவருக்கு டம்மி என்று பெயர். அதன்பின் 26 சீட்டுகளும் ஒருவருடைய பொறுப்பே.

குருமடத்தில் எங்களுக்கு இதைக் கற்பித்தவர் முதிய பேராசிரியர் ஒருவர். டம்மி விரிந்ததும், "பிரதர், கையை மடியில் வையுங்கள்" என்பார். உறுதியான பிடிகள் எத்தனை? குறைவது எத்தனை? அவை எங்கிருந்து வரும்? அதற்குள் எதிரி என்ன செய்வான்? இந்நான்கிற்கும் விடை சொன்ன பிறகே சீட்டைத் தொடலாம்.

அவர் அடிக்கடி பரப்பிக் காட்டிய கை ஒன்று உண்டு. துருப்பில்லா ஆட்டம், 9 பிடிகள் வேண்டும். நம்மிடம் இஸ்பேட் ஏஸ், 6, 3. ஹார்ட்டின் ஏஸ், ராஜா, 5. டைமன் ராணி, 8, 4. கிளாவர் ஏஸ், 9, 6, 4. டம்மியில் இஸ்பேட் 7, 4. ஹார்ட்டின் ராணி, 8, 4. டைமன் ஏஸ், ஜாக்கி, 10, 9, 5. கிளாவர் ராஜா, 7, 2. இடப்புறத்தார் இஸ்பேட் ராஜாவை இறக்குகின்றார்.

இஸ்பேடில் 1, ஹார்ட்டினில் 3, டைமனில் 1, கிளாவரில் 2. ஆக 7 பிடிகள் உறுதி. டைமனில் ராஜாவை இழந்தாலும் அவ்வினம் 4 பிடி தரும். எனவே பிடிகளுக்குப் பஞ்சமில்லை, காலத்திற்கே பஞ்சம். இஸ்பேட் ஏஸை உடனே போட்டுவிட்டு டைமன் ராணியை ஓட்டுகின்றோம் என்று வையுங்கள். வலப்புறத்தார் ராஜாவால் அதை வென்று இஸ்பேடைத் திருப்புவார். ஐந்து இஸ்பேடுகளோடு தொடங்கிய இடப்புறத்தார் எஞ்சிய நான்கையும் அள்ளுவார். இழப்பு ஐந்து, ஒப்பந்தம் முறிந்தது.

வழி என்ன? ஏஸை இருமுறை கையிலேயே வைத்திருந்து, மூன்றாம் சுற்றில் இறக்குவது. எதிரிகளிடமுள்ள எட்டு இஸ்பேடுகள் ஐந்தும் மூன்றுமாகப் பிரிந்திருக்க நூற்றுக்கு 47 வாய்ப்பு உண்டு. அப்படியாயின் வலப்புறத்தாரிடம் இஸ்பேட் தீர்ந்துவிடும். டைமன் ராஜா அவரிடம் இருந்தாலும், திருப்பித் தர அவரிடம் இஸ்பேட் இராது. இழப்பு மூன்றே, 10 பிடிகள் நமக்கு. நான்கு நான்காகப் பிரிந்திருந்தாலும் இழப்பு நான்கைத் தாண்டாது.

தாளில் இது எளிது. மேசையில் அவ்வளவு எளிதன்று. அவ்வினத்தின் தலைச்சீட்டு நம் விரலிடுக்கில் இருக்கின்றது. எதிரியின் ராஜா வெல்கின்றது, அடுத்து ராணியும் வெல்கின்றது. எதிரே அமர்ந்திருக்கும் டம்மியின் நிலையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தம்மிடமுள்ள அனைத்தையும் விரித்துக் கொடுத்துவிட்டார். வாய்திறந்து வழிசொல்ல அவருக்கு உரிமையில்லை. அந்த ஏஸ் நம்மிடம் இருக்கின்றது என்பதும் அவருக்குத் திண்ணமாகத் தெரியாது. அவர் காண்பதெல்லாம் அடுத்தடுத்து இரண்டு பிடிகள் பறிபோவதையே. டம்மியாக அமரும்போதுதான் எனக்கு நெஞ்சு அதிகம் படபடக்கின்றது, ஆடும்போது அன்று.

ஏஸை மறைப்பதை ஒரு விதியாக்கிக்கொள்வாரும் உளர். அது பேதைமை. இதே ஆட்டத்தில் டைமன் ராஜாவை இழக்க நேர்வது இடப்புறத்தாரிடம் என்றிருந்தால், மறைத்ததனால் பயனில்லை. இஸ்பேடுகள் அவரிடம்தானே இருக்கின்றன? இஸ்பேடைவிட நலிந்த இனம் வேறொன்று நம்மிடம் இருந்து, எதிரி அதற்குத் தாவக்கூடுமென்றால், முதற் சுற்றிலேயே ஏஸைப் போடுவதுதான் அறிவுடைமை. ஆகவே ஒவ்வொரு கையையும் புதிதாகவே எண்ண வேண்டும். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுத் தொகுதிகள் 63,501 கோடிக்கும் மேல்!

பேராசிரியருக்கு இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கிவிட்டது. ஆட்டத்தை மட்டும் விடவில்லை. அருகில் அமர்ந்த ஒருவர் அவர் கையிலுள்ள சீட்டுகளை அவர் காதில் மெல்ல ஓதுவார். டம்மி விரிந்தபின் அதையும் ஒருமுறை படித்துக் காட்டுவார். அவர் கண்களை மூடிக்கொள்வார். கை மடிமேல் இருக்கும். மற்ற மூவரும் காத்திருப்போம். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கும். நெடுநேரம் கழித்து, "இஸ்பேட் மூன்று" என்பார். அருகிலிருப்பவர் அச்சீட்டை எடுத்து மேசையில் வைப்பார்.